இளஞ்சிறார் கல்வியும் ஐவகைச் சமிதியும்

ஆதிபகவனாகிய விருஷப தேவர் இல்லறத்தில் இருந்த காலத்தில், தம் மகளிர் பிராமி, சுந்தரி ஆகிய இருவரையும் அருகில் அமர்த்தி, வலக்கையால் பிராமிக்கு எழுத்தையும் இடக்கையால் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தருளினார் என்பது நம் புராண மரபு. ஆதிபுராணம் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிய செய்தியன்று. ஆயினும் நாம் கவனியாது விடுவது ஒன்றுண்டு. அக்கல்வி நிகழ்ந்த இடம் ஓர் இல்லம், கற்பித்தவர் தந்தை, கற்றவர் பெண்மக்கள், இருவருக்கும் அளித்த பாடமும் ஒன்றன்று, அவரவர்க்கு ஏற்றவாறு வேறுபட்டது.

அண்மைக் காலத்தில் நம் சமூகத்து இளம் பெற்றோர் சிலர், மூன்று வயதுக் குழந்தையை விடியற்காலையில் எழுப்பிப் பள்ளி வண்டியில் ஏற்றி அனுப்ப மனமின்றி, முதல் வகுப்பிற் சேரும் வயது வரை இல்லத்திலேயே மாண்டிசோரி முறையில் கற்பிக்க இயலுமா என்று வினவுகின்றனர். இயலும் என்பதே நம் விடை. ஆனால் அம்முறையைச் சில மரப் பொருள்களின் தொகுப்பு என்றெண்ணிக் கடைக்குச் செல்வோர் ஏமாற்றமே அடைவர். குழந்தையின் செயலிற் குறுக்கிடாமல் பெரியோர் தம்மை அடக்கிக்கொள்ளும் பயிற்சியே அதன் உயிர். நம் முனிவரர்க்கு விதிக்கப்பெற்ற ஐவகைச் சமிதியை ஓரளவேனும் அறிந்தோர்க்கு அது விரைவில் விளங்கும் என்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

ஆமதாபாத்தில் ஓர் இல்லம்

நம் சமயத்தார் ஒருவர் இல்லத்தில் இம்முறை நூறாண்டுக்கு முன்பே கையாளப்பெற்றது என்பதைப் பலர் அறியார். ஆமதாபாத்து நூலாலை அதிபர் அம்பாலால் சாராபாய் ஜைன மரபினர். 1915இல் காந்தியடிகளின் ஆசிரமத்தில் தீண்டாதார் எனப்பட்ட குடும்பம் ஒன்று சேர்க்கப்பட்டதால் நன்கொடைகள் நின்றுபோனபோது, தம் பெயரை வெளியிடாமல் 13,000 ரூபாய் அளித்து ஆசிரமத்தைக் காத்தவர் அவரே. அவரும் துணைவியார் சரளாதேவியும் தம் எட்டு மக்களையும் வெளிப் பள்ளிக்கு அனுப்பாமல், ஷாஹிபாகில் இருந்த 'ரிட்ரீட்' என்னும் தம் மனையிலேயே, மாண்டிசோரி அம்மையாரின் கருத்துகளைத் தழுவி ஒரு பள்ளியை அமைத்தனர். தோட்டமும் தொழிற்கூடமும் அங்கே பாடத்தின் பகுதிகளாயிருந்தன.

அம்மக்களுள் மூத்தவரான மிருதுளா விடுதலைப் போரில் ஈடுபட்டு, நாட்டுப் பிரிவினையின்போது கடத்தப்பட்ட மகளிரை மீட்கும் பணியில் முன்னின்றார். லீனா 1947இல் ஆமதாபாத்தில் 'சிரேயஸ்' பள்ளியை நிறுவினார். கௌதமும் கீராவும் 1949இல் தோன்றிய காலிகோ துணி அருங்காட்சியகத்தையும் பின்னர் தேசிய வடிவமைப்பு நிலையத்தையும் உருவாக்கினர். 1919இல் பிறந்த விக்ரம் சாராபாய், இந்திய விண்வெளி ஆராய்ச்சியின் தந்தை எனப் போற்றப்படுபவர். இதனைக் காட்டி, இல்லத்திற் கற்கும் குழந்தைகள் யாவரும் விஞ்ஞானியராவர் என்று கூற நாம் முன்வரவில்லை. அது பெருஞ்செல்வர் இல்லம். ஆசிரியர் பலரை அவர்களால் அமர்த்த முடிந்தது. நாம் நோக்கத்தக்கது வேறு. ஒரே கூரையின் கீழ்க் கற்ற உடன்பிறந்தார் ஒருவர்போல் ஒருவர் ஆகவில்லை. பிராமிக்கு எழுத்தும் சுந்தரிக்கு எண்ணும் என்ற பழைய மரபே அங்கும் தொடர்ந்தது எனலாம்.

மாண்டிசோரி அம்மையார்

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலியிற் பிறந்தவர், மருத்துவம் பயின்றவர். 1907 ஜனவரி 6ஆம் நாள், உரோம் நகரின் சான் லோரென்சோ என்னும் ஏழையர் பகுதியில், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரற்றுத் திரிந்த சிறுவர்க்காக 'குழந்தைகள் இல்லம்' ஒன்றைத் திறந்தார். 'பள்ளி' என்னாது 'இல்லம்' என்றே அதற்குப் பெயரிடப்பட்டமை நம் பொருளுக்கு இயைந்தது.

அங்கே ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, பல அளவினவான மர உருளைகளை அவற்றிற்குரிய குழிகளில் பொருத்தியும் எடுத்தும் கொண்டிருந்தாள். சுற்றியிருந்த பிள்ளைகளைப் பாடச் செய்தும் அவள் நிமிரவில்லை. அவள் அமர்ந்திருந்த நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தபோதும், உருளைகளை மடியில் இறுகப் பற்றிக்கொண்டு தொடர்ந்தாள். நாற்பது முறைக்கு மேல் செய்து முடித்தபின், உறங்கி எழுந்தவள்போல் முகமலர்ந்து தானே நிறுத்தினாள். இளங்குழந்தையின் மனம் ஓரிடத்தில் நில்லாது என்னும் எண்ணத்தை அம்மையார் அன்றே கைவிட்டார். குழந்தையின் ஒருமுகப்பாட்டைக் கலைப்பவர் பெரும்பாலும் அருகில் நிற்கும் பெரியவரே என்பது அவர் கண்ட உண்மை.

அம்மையார்க்கும் நம் நாட்டிற்கும் உள்ள தொடர்பு ஆழமானது. 1939 நவம்பரில் பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்று மகன் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதால் இருவரும் பகை நாட்டினராகக் கருதப்பட்டனர். மாரியோ காவலில் வைக்கப்பட்டு, அம்மையாரின் எழுபதாம் பிறந்த நாளையொட்டி விடுவிக்கப்பட்டார். போர்க்காலத்தில் சில ஆண்டுகள் இருவரும் கொடைக்கானலில் தங்கினர். பின்னர் ஆமதாபாத்தில் அம்மையார் ஆற்றிய சொற்பொழிவுகளே, பிறப்பு முதல் ஆறு வயது வரையுள்ள மனத்தின் இயல்பை விளக்கும் நூலாகி 1949இல் அடையாற்றில் வெளியாயின. சூழலில் உள்ள யாவற்றையும் குழந்தை தன்னை அறியாமலே தன்னுள் ஈர்த்துக்கொள்கிறது என்பது அதன் உட்கோள். கர்மப் பரமாணுக்கள் ஆன்மாவில் வந்து பொருந்துவதை 'ஆஸ்ரவம்' என்று பயிலும் நமக்கு இவ்வுவமை அயலானதன்று. ஆனால் உவமையை உவமை அளவில் நிறுத்துவதே முறை.

சமிதியும் சிறு கைகளும்

ஈர்யா சமிதி, பாஷா சமிதி, ஏஷணா சமிதி, ஆதான நிக்ஷேபண சமிதி, உத்ஸர்க்க சமிதி என ஐந்து. உயிர்க்கு ஊறு நேராவண்ணம் பார்த்து நடத்தல், அளந்து பேசுதல், ஆராய்ந்து உண்ணுதல், பொருளை நோக்கி எடுத்தலும் வைத்தலும், கழிவை உயிரற்ற இடத்தில் நீக்குதல் என்பன அவற்றின் பொருள். இவை முனிவர் ஒழுக்கம். குழந்தையை முனிவராக்குவது நம் கருத்தன்று. எனினும், மாண்டிசோரி முறையின் தொடக்கப் பாடங்களாகிய நடைமுறை வாழ்க்கைப் பயிற்சிகளை இவற்றோடு வைத்துப் பார்த்தால் வியப்பு மேலிடுகிறது. நாற்காலியை இரு கைகளாலும் தூக்கி ஓசையின்றி வைத்தல், தரையில் வரைந்த கோட்டின்மேல் அடிமேல் அடி வைத்து நடத்தல், நிறைந்த குவளையைச் சிந்தாமற் கொண்டுசெல்லுதல் என்பன அப்பயிற்சிகள். மயிற்பீலியால் மெல்ல நீவிய பின்னரே கமண்டலத்தைக் கீழே வைக்கும் முனிவரைக் கண்ட குழந்தைக்கு, மணையை ஓசையின்றி வைப்பது ஒரு கட்டளையாகத் தோன்றாது.

நம் இல்லங்களில் இப்பயிற்சிகளுக்குப் பொருள் தேடி அலைய வேண்டுவதில்லை. நீர் வடிகட்டுதல் ஒன்றே போதும். சிறிய செம்பு ஒன்று, வாயகன்ற குவளை ஒன்று, இரண்டாய் மடித்த வெள்ளைத் துணி ஒன்று, சிந்தினால் துடைக்க ஒரு கந்தை. இவை யாவும் குழந்தையின் கைக்கு அடங்கும் அளவின ஆதல் வேண்டும். துணியைக் குவளையின் வாயில் விரித்தல், செம்பைச் சாய்த்தல், கடைசித் துளி வரை காத்திருத்தல், துணியில் தங்கிய சிற்றுயிர்கள் நீர் எடுத்த இடத்தையே சேருமாறு அதனை அலசுதல் எனப் படிப்படியாய்ச் செய்து காட்ட வேண்டும். காட்டும்போது பேசலாகாது. கை செய்வதைக் கண் பார்க்கும். சொல்லும் உடன்வந்தால் குழந்தை முகத்தைப் பார்க்கும், கையைப் பாராது.

சமையலுக்கு முன் பயறு, அரிசி ஆகியவற்றைப் பரப்பிக் கல்லும் புழுவும் இன்றிப் பொறுக்குவது நம் தாய்மார் நாள்தோறும் செய்வது. துவரை, பச்சைப் பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றைக் கலந்து கொடுத்து வகைப்படுத்தச் செய்தால் அதுவே நல்ல பயிற்சி. பாயை விரித்தலும் சுருட்டலும் மற்றொன்று. தன் வேலைக்குரிய இடம் இப்பாயின் எல்லை என்று குழந்தை அறிவதற்காகவே மாண்டிசோரி வகுப்புகளில் சிறு பாய் தரப்படுகிறது. வந்தவாசிக் கோரைப்பாய் நெய்யும் ஊர்களை அடுத்து வாழும் நமக்கு அதற்கும் குறைவில்லை!

சிலவற்றை நாம் மாற்றிக்கொள்ளவும் வேண்டும். தொட்டறியும் துணிப் பெட்டியில் பட்டும் தோலும் சேர்ப்பது மேனாட்டு வழக்கம். நமக்குப் பருத்தி, சணல், கம்பளி, மெல்லிய மஸ்லின் போதும். சுவையறியும் பயிற்சியில் தேனுக்கு மாறாக வெல்லக் கரைசல் வைக்கலாம். நறுக்கப் பழக்குவதற்குக் கிழங்கு வகைகளை விடுத்து வாழைப்பழமும் வெள்ளரியும் தரலாம்.

எம் இல்லத்தில் நேர்ந்தது

இவ்விடத்தில் எம் தவற்றைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. எம் பேத்தியை மூன்றரை வயதில் ஒரு பள்ளியில் சேர்த்தோம். கோடிட்ட ஏட்டில் எழுத்துகளைப் பக்கம் பக்கமாய் எழுதப் பணித்தனர். விரற்கணுவில் அடியும் விழுந்தது. சில திங்களில் குழந்தை எழுதுகோலைக் கண்டாலே கையை முதுகுக்குப் பின்னே மறைக்கலாயிற்று. பள்ளியினின்று நிறுத்தி இல்லத்திற் கற்பிக்கத் தலைப்பட்டோம். பாயும் செம்பும் குவளையும் வந்தன. மூன்றாம் நாள் குழந்தை நீர் ஊற்றுகையில் சிறிது சிந்தியது. உடனே நாம் எழுந்து துடைத்தோம். "மெல்ல, கண்ணு, மெல்ல" என்றோம். செம்பை எப்படிப் பிடிப்பது என்று மீண்டும் காட்டினோம். குழந்தை செம்பைக் கீழே வைத்துவிட்டு, "நீங்களே ஊத்துங்க பாட்டி" என்று சொல்லி எழுந்து போயிற்று. அதன்பின் இரண்டு வாரம் அப்பக்கமே வரவில்லை.

பள்ளியில் பிரம்பு செய்ததை எம் இல்லத்தில் அன்புமொழி செய்துவிட்டது. எறும்புக்கு அஞ்சி அடியெடுத்து வைக்கும் நாம், மூன்று வயதுக் குழந்தையின் முயற்சியை மிதித்துச் செல்வதை ஹிம்சை என்று எண்ணிப் பார்த்ததில்லை. உயிரைக் கட்டுதல், அடித்தல், அதன் ஆற்றலுக்கு மிஞ்சிப் பாரமேற்றுதல், உரிய நேரத்தில் உணவு நீரை மறுத்தல் முதலியவற்றை அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்களாக நம் நூல்கள் எண்ணுகின்றன. மாட்டுக்கும் வண்டிக்காளைக்கும் அன்றி நம் மழலையர்க்கும் அவை பொருந்துமா என்று அன்றுதான் எமக்குள் வினா எழுந்தது.

பிறகு குழந்தை தானாகவே செம்பிடம் திரும்பியது. அன்று நாம் ஒன்றும் சொல்லவில்லை. சிந்திய நீரையும் துடைக்கவில்லை. கந்தையை எடுத்து அதுவே துடைத்தது. புகழவும் கூடாது என்பதைப் பின்னரே அறிந்தோம். பயறு பொறுக்குவதில் ஆழ்ந்திருந்த அதனை, விருந்தாக வந்த உறவினர் ஒருவர் கைதட்டிப் பாராட்ட, அன்றைய வேலை அத்துடன் நின்றது.

எழுத்தும் எண்ணும்

தமிழெழுத்தைப் பொறுத்தவரை, அரிச்சுவடியின் வரிசையில் 'அ' முதல் தொடங்க வேண்டும் என்னும் கட்டாயமில்லை. 'அ'கரம் முதலெழுத்தாயினும் வரைவதற்குக் கடினமானது. ட, ப, ம ஆகியன வரைவதற்கு எளியவை. உப்புத்தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டி, சுட்டுவிரலும் நடுவிரலும் கொண்டு எழுதும் திசையிலேயே தடவச் செய்து, அவ்வெழுத்தின் ஒலியை மட்டும் கூற வேண்டும். திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிய நம் முன்னோர் முறை இதற்கு அண்மையது. ஒரு வேளையில் இரண்டு மூன்று எழுத்துக்கு மேல் வேண்டா. "இது ப, இது ம" என்பது முதற்படி. "ம எது? அதைத் தடவு" என்பது இரண்டாம்படி. "இது என்ன?" என வினவுவது மூன்றாம்படி. விடை தவறினால் திருத்தாது, அட்டைகளை எடுத்து வைத்துவிட்டு மற்றொரு நாள் முதற்படியிலிருந்து தொடங்குதல் வேண்டும். இப்பொறுமையே பாஷா சமிதி.

வெட்டியெடுத்த எழுத்துகளைக் கூட்டிச் சொல்லாக்கும்போது, தமிழில் ஓர் இடர் உண்டு. 'கெ', 'கே', 'கை' முதலியவற்றில் உயிரொலி பின்னே வர, அதன் குறியோ முன்னே நிற்கிறது. 'கொ' என்பதில் இருபுறமும் நிற்கிறது. ஒலித்த வரிசையில் எழுத்தை அடுக்கும் குழந்தைக்கு இது குழப்பந் தரும். ஆகையால் படம், மரம், பழம், வயல், அறம் என இக்குறிகள் வாராத சொற்களிலேயே பல வாரங்கள் நிற்பது நலம். கால் பெற்ற எழுத்துகள் அடுத்து வரட்டும். கொம்பு பெற்றவை கடைசியில் வரட்டும். மாண்டிசோரி முறையில் பெரும்பாலும் எழுதுதல் முன்னும் படித்தல் பின்னும் வரும். பிள்ளை சொற்களை அடுக்கிவிட்டுப் படிக்க இயலாமல் இருப்பது கண்டு பெற்றோர் கலங்க வேண்டா.

எண்ணுக்குப் பத்துக் கோல்கள். முதற்கோல் 10 செ.மீ., பத்தாவது 100 செ.மீ.; ஒவ்வொரு 10 செ.மீ. பகுதியும் மாறி மாறிச் சிவப்பும் நீலமும். தச்சரிடம் ஐந்தரை மீட்டர் மரச்சட்டம் கொடுத்தால் பத்தும் கிடைத்துவிடும். 'ஐந்து' என்பது ஐந்து தனிப் பொருள்கள் மட்டுமன்று, ஒரு முழுமையும் ஆகும் என்பதைக் கை அறிகிறது. அடுத்து 0 முதல் 9 வரை பத்து அறைகளும், அவற்றில் இட 45 குச்சிகளும். சுழிக்குரிய அறையில் ஒன்றும் இடாது விடுவதில் குழந்தைகள் கொள்ளும் மகிழ்ச்சி காணத் தக்கது! பழைய வீடுகளில் ஆழாக்கும் உழக்கும் படியும் இருப்பின் அவற்றைப் பரணில் போட்டுவைக்க வேண்டா. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதை அரிசி கொண்டு அளந்தறிந்த குழந்தைக்குப் பெருக்கல் வாய்பாடு பின்னர் அச்சம் தராது. தவறு நேர்ந்தால் அளவே காட்டிக்கொடுக்கும். நாம் வாய் திறக்க வேண்டுவதில்லை.

விலையுயர்ந்த பொருள்கள் இன்றியமையாதன அல்ல என்பதற்குத் தாராபாய் மோடக் அம்மையாரின் பணி சான்று. 1920இல் பாவநகரில் பால மந்திரத்தைத் தொடங்கிய கிஜுபாய் பதேகாவுடன் பணியாற்றிய அவர், பின்னாளில் மராட்டியக் கடற்கரையிலுள்ள போர்டியிலும் கோஸ்பாடிலும் ஏழைக் குழந்தைகட்கு, அவ்வூரிற் கிடைத்த பொருள்களைக் கொண்டே இக்கல்வியை நடத்திக் காட்டினார்.

சமயக் கல்வி பற்றி

பஞ்ச நமஸ்கார மந்திரத்தை இரண்டு வயதில் ஒப்பிக்கச் செய்து விருந்தினர்முன் நிறுத்துவது நம்மிடையே உள்ள வழக்கம். இதனை நாம் பாராட்டவில்லை. பெரியோர் காலையிலும் மாலையிலும் உண்மையாகவே ஓதும் இல்லத்தில் குழந்தை அதனைக் கேட்டே பெற்றுவிடும். ஜினாலயத்தில் அட்சதையால் ஸ்வஸ்திகமும் மூன்று புள்ளிகளும் பிறையும் இடுவதற்கு அதன் விரல்களை விட்டுவிடலாம். கோணினாலும் அழித்துத் திருத்த வேண்டா.

48 நிமிடச் சாமாயிகத்தைக் குழந்தைமேற் சுமத்தலாகாது. அதற்கு மாறாக மாண்டிசோரி அம்மையார் கண்ட மௌனப் பயிற்சி உண்டு. யாவரும் அசையாது அமர்ந்திருக்க, அடுத்த அறையினின்று ஒருவர் மிக மெல்லிய குரலில் பெயர் சொல்லி அழைப்பார். அழைக்கப்பெற்ற குழந்தை ஓசையின்றி எழுந்து செல்லும். ஒரு நிமிடத்தில் தொடங்கினால் போதும். கடிகாரத்தின் ஓசையையும் தெருவில் போகும் வண்டியின் மணியையும் அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டதாகக் குழந்தைகள் கூறுவர்.

இல்லத்திற் குறைவன

மூன்று வயதும் ஐந்து வயதும் கலந்திருப்பதே மாண்டிசோரி வகுப்பின் வலிமை. சிறியவர் பெரியவரைக் கண்டு கற்பர். தனிக் குழந்தை உள்ள இல்லத்தில் இது கிட்டாது. நம்மவர் மூன்று நான்கு குடும்பத்தினர் உள்ள ஊர்களில், ஜினாலயத்து மண்டபத்திலோ ஒருவர் திண்ணையிலோ வாரம் மூன்று காலை கூடலாம். பிற சமயத்துக் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளுதல் நன்று.

மற்றொரு குறை, இப்பணி முழுதும் தாயின் தலையிலேயே விழுவது. அடுக்களையும் மாமியார் மருந்தும் இருக்க, இதுவும் சேர்ந்தால் அவர் பொறுமை எத்தனை நாள் நிற்கும்? ஆதிபகவன் தந்தையாய் இருந்தே கற்பித்தார் என்பதை ஆடவர் நினைவிற் கொள்க. தந்தைக்கு மாலையில் ஒரு மணி நேரமும் கிட்டாத இல்லத்தில் இம்முயற்சியைத் தொடங்காமல், அன்புள்ள ஆசிரியை ஒருவர் இருக்கும் சிறு பள்ளியைத் தேடுவதே மேல் என்பது நம் துணிபு.

சட்டத்தால் இடையூறு இல்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதினரைப் பற்றியது. அதற்கு முன் குழந்தை இல்லத்தில் இருப்பதைத் தடுக்கும் விதி அதில் இல்லை. எம் பேத்தி உரிய வயதில் முதல் வகுப்பிற் சேர்ந்தாள். படிப்பில் இடர்ப்படவில்லை, ஆனால் மணி அடித்தவுடன் செய்வதை நிறுத்திவிட வேண்டும் என்பது முதல் ஆண்டு முழுதும் அவளுக்கு வருத்தமாகவே இருந்தது.

தொடங்க விழைவோர் முதல் வாரம் எப்பொருளும் வாங்க வேண்டா. ஓர் ஏடும் எழுதுகோலும் எடுத்து, குழந்தை தானாகச் செய்வனவற்றையும், அதனிடையே நாம் எத்தனை முறை குறுக்கிட்டோம் என்பதையும் குறித்து வருக. மாலையில் பிரதிக்ரமணம் செய்யும் இல்லங்களில் அக்கணக்கை அப்போது பார்க்கலாம். எம் ஏட்டில் முதல் நாட் கணக்கு 37. ஒரு திங்கள் சென்றபின் 11. அதற்குக் கீழே இறங்கிய நாள்கள் சிலவே.